மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் புது ஹாக்கித் திடல் வந்தாச்சு. ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) யார் வாங்கித் தருவது?

ஒத்தக்கடை ஓட்டக்காரன்:
2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையோடு சேர்த்து நம்ம ரேஸ்கோர்ஸிலும் நடந்தது. திடலும் விளக்குகளும் கேலரியும் நன்றாகவே இருக்கின்றன, அதில் குறை இல்லை. அடுத்த நாளே குழுவில் ஒருவர், "மதுரை விளையாட்டுக்கு அரசு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது, இனி பிள்ளைகள் பாடு" என்று எழுதினார். அதற்குத்தான் இந்தப் பதிவு. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினால் 3 கோடி, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. ஜெயித்து வந்தவனுக்கு மாலை போட ஆயிரம் பேர் வருவார்கள். எட்டாம் வகுப்பில் குறுவட்டப் போட்டிக்கு, அதாவது பள்ளிகளுக்கிடையே நடக்கும் முதல் கட்டப் போட்டிக்குப் போகிறவனுக்குப் பஸ் காசு கொடுக்க யார் இருக்கிறார்கள்? என்னைக் கேட்டால் அரசின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப்பிள்ளை:
தம்பி, உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம். விளையாட்டு எதற்காக அரசின் பொறுப்பாக வேண்டும்? என் தெருவில் வாரத்துக்கு எத்தனை நாள் குடிதண்ணீர் வருகிறது என்று எனக்குத்தான் தெரியும். அரசு கையில் காசைக் கொடுத்தால் கட்டடம்தான் எழும்பும். அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் கட்டி 2024 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே வருஷத்தில் எத்தனை நாள் வாடிவாசல் திறக்கிறது? நம்ம பக்கத்து ஊர்களில் கபடியை வளர்த்தது எந்த அரசு? ஊர்க்காரன் வசூல் பண்ணினான், ஆட்டம் வளர்ந்தது. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒலிம்பிக் வீரர்களுக்காக ஒலிம்பிக் கமிட்டிக்கு மத்திய அரசு பணம் கொடுப்பதில்லை, ஆனாலும் பதக்கப் பட்டியலில் உச்சியில் நிற்கிறார்கள்.

மேலூர் ரைடர்:
கபடியைச் சொன்னதால் வருகிறேன். அண்ணே சொல்வது உண்மை. எங்க ஊரில் மைக் செட், லைட், வெளியூர் டீமுக்குச் சாப்பாடு, சுழற்கோப்பை எல்லாமே நன்கொடைதான். நோட்டீஸில் பாதிக்கு மேல் உபயதாரர் பெயர்தான் இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விடிய விடிய கூட்டம் நிற்பதால்தான் உபயதாரர் வருகிறார். இதே ஊரில் ஒரு பையன் மும்முறைத் தாண்டுதலில் நல்ல ஆள். அவனுக்காக யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை, அடிக்கப் போவதும் இல்லை. மணல் குழியைப் பார்க்க எவன் டிராக்டர் ஏறி வருவான்?

ஒரு பி.டி. வாத்தியார்:
கணக்குப்பிள்ளை சார், அமெரிக்கக் கதையில் பாதியைத்தான் சொன்னீர்கள். ஒலிம்பிக் கமிட்டிக்குப் பணம் தராத அந்த நாட்டில், அரசுப் பள்ளிக்கூட மைதானமும் பயிற்சியாளர் சம்பளமும் உள்ளூர் வரிப்பணத்தில்தான் பெரும்பாலும் நடக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்கள் நல்ல ஓட்டக்காரனைச் செலவு கொடுத்துப் படிக்க வைக்கின்றன. கமிட்டியின் கையில் போய்ச் சேர்வது ஏற்கெனவே தேறிய பயல்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். குறுவட்டம், அப்புறம் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம் என்று பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் போகும். எங்கள் பள்ளி மைதானம் சரளை மண். பிள்ளைகளில் பலர் முதன்முதலாக சிந்தெடிக் டிராக்கை மிதிப்பது போட்டி அன்றுதான். ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) முடிந்து ஃபைனல் கூப்பிடும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அந்த ரப்பர் தரையில் வெறுங்காலோடு 400 மீட்டர் ஓடிவிட்டு வந்த ஒரு பெண், பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே குழாயடிக்குப் போனாள். ஸ்பைக்ஸ் கடன் வாங்கலாம் என்றால் அதிலும் சிக்கல். மண் தரைக்கு நீளமான ஆணி, சிந்தெடிக்குக் குட்டை ஆணி, மாற்றிப் போட்டால் டிராக் கிழியும் என்று அதிகாரி கத்துவார், அவர் கத்துவதிலும் நியாயம் இருக்கிறது. மாற்று ஆணி ஒரு செட் என் பையில் கிடக்கிறது, என் காசில் வாங்கியது. விளையாட்டு பீரியடை கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிப் போகும் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
பி.டி. சார், உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்குத்தான் வலு. அரசு நடத்தும் போட்டி, அரசுப் பள்ளிப் பிள்ளை, அரசு டிராக், காலில் போட ஒன்றும் இல்லை. காசு இல்லை என்று யார் சொன்னது? 2025-26 மத்திய பட்ஜெட்டில் இளைஞர் நலம், விளையாட்டு அமைச்சகத்துக்கு 3,794 கோடி. அதில் கேலோ இந்தியா என்ற விளையாட்டு வளர்ச்சித் திட்டத்துக்கு மட்டும் 1,000 கோடி. இதற்கு மேலும் கொடுத்தால் ஒழுகுகிற பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான். கம்பெனிகளிடம் விடுங்கள் என்கிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி, வரம்புக்கு மேல் போன கம்பெனி சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சக்கிமங்கலம் ரேவதி வீரமணியையே பாருங்கள். பெற்றோர் இல்லாமல் பாட்டி கூலி வேலை செய்து வளர்த்த பெண், வெறுங்காலோடு ஓடித் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். பாட்டியின் உழைப்பும் ஒரு பயிற்சியாளரின் அக்கறையும்தான் அவரைக் கொண்டுபோனது, அரசாணை இல்லை.

ஒத்தக்கடை ஓட்டக்காரன்:
அண்ணே, அந்தப் பயிற்சியாளர் எங்கே வேலை பார்த்தார்? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில், இதே ரேஸ்கோர்ஸில். அவர் சம்பளம் அரசுப் பணம். பிறகு ரேவதிக்குக் கிடைத்த வேலை ரயில்வேயில், அதுவும் அரசு. தனி மனிதரின் அக்கறை பெரிதுதான், மறுக்கவில்லை. அந்த மனிதர் தினமும் காலையில் மைதானத்துக்கு வந்து நிற்க ஒரு வேலை இருந்தது பாருங்கள், அதைத்தான் நான் கேட்கிறேன். டோக்கியோவில் ரேவதி ஓடியது ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம், அதில் இந்தியாவுக்கு ஓடிய நான்கு பேரில் மூவர் தமிழ்நாட்டவர். மூவரையும் கம்பெனியா கண்டுபிடித்தது?

கம்பெனிப் பணத்துக்கு வருகிறேன். அதே சட்டம், தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடு என்றும் சொல்கிறது. ஆலை நிறைய இருக்கிற ஊருக்கு நிறையப் போகும். உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் எந்த ஆலை வந்து நிற்கிறது? அரசியல் சட்டத்தில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனம். அதனால் டெல்லி கணக்கை வைத்து நம்ம மாநிலத்தின் பொறுப்பைக் கழிக்க முடியாது.

செல்லூர் அம்மா:
நான் சட்டம் பேச வரவில்லை. என் மகள் தடை தாண்டும் ஓட்டம் ஓடுகிறாள், பதினோராம் வகுப்பு. பள்ளியில் தடை கிடையாது. இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே ஒரு மூங்கிலை வைத்துத் தாண்டினாள். நிஜத் தடை 76 சென்டிமீட்டர், கால் பட்டால் முன்னால் சாய்ந்துகொடுக்கும். மூங்கிலில் பட்டால் முழங்கால்தான் பேசும். அவளுக்குச் சத்தாகச் சாப்பாடு, பயிற்சிக்கு ஆட்டோ, வெளியூர்ப் போட்டி என்றால் துணைக்கு நான், அன்றைக்கு எனக்குத் தையல் கூலி போச்சு. வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்காகவாவது ஓடட்டும் என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் எப்போதோ நிறுத்தியிருப்பார்கள். கணக்குப்பிள்ளை அண்ணே, தண்ணீரும் வேண்டும்தான், நானும் குடத்தோடு நிற்கிறவள்தான். அதற்காக இதை எதற்கு விட வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அம்மா, உங்கள் மகள் நன்றாக வரட்டும். ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வரிப்பணத்தைத் தொடாமல் வழி உண்டா என்றுதான் கேட்கிறேன். பிரிட்டன் 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பியது. அதற்குப் பிறகு தேசிய லாட்டரிப் பணத்தை விளையாட்டில் இறக்கினார்கள், 2012 லண்டனில் 29 தங்கம். விருப்பப்பட்டவன் சீட்டு வாங்குகிறான், யார் தலையிலும் கட்டவில்லை.

மேலூர் ரைடர்:
லாட்டரியா! அண்ணே, 2003-இல் இங்கே லாட்டரியைத் தடை செய்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டது எங்க அம்மாதான். ஒரு நம்பர் சீட்டில் கூலி மொத்தமும் போன வீடு எங்க தெருவில் ஒன்றிரண்டு இல்லை. விருப்பப்பட்டவன் வாங்கினான், பட்டினி கிடந்தது அவன் பிள்ளை. அந்தப் பிள்ளையை ஓட வைக்க அதே சீட்டா?

ஒரு பி.டி. வாத்தியார்:
பிரிட்டனிலும் லாட்டரியோடு அரசு நிதியும் சேர்ந்துதான் போனது. அதுவும் பதக்க வாய்ப்பு உள்ள ஆட்டங்களுக்கே அதிகம் போனது, பதக்கம் வராத ஆட்டங்களின் பணத்தைக் குறைத்தார்கள். உச்சிக்கு அது சரிப்படலாம். நாம் பேசுவது குறுவட்டத்தை.

கணக்குப்பிள்ளை சார் கண்காணிப்பு கேட்டால் நானும் கூட நிற்பேன். 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள், நல்ல திட்டம். நான் போன ஓர் ஊரில் அது அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. பந்து தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று சாவி வைத்திருந்தவருக்குப் பயம். தொலையட்டுமே ஐயா, பந்து தொலைவதற்குத்தானே இருக்கிறது. இதற்குப் புதிதாக ஒரு கோடியும் தேவையில்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் பொறுப்பாக நிற்க ஒரு ஆள் போதும், அவருக்குச் சம்பளம் யார் தருவது என்பதுதான் கேள்வி.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆளுக்கு ஊராட்சி கொடுக்கட்டும், ஊர் கண் முன்னால் நடக்கும். சென்னையிலிருந்து கொடுத்தால் ஆள் ஏட்டில் மட்டும் இருப்பார். இந்த ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஒத்தக்கடை ஓட்டக்காரன்:
ஊராட்சிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும் அண்ணே, வீட்டு வரியிலிருந்தா? சரி, அடுத்த கிராம சபையில் எங்க ஊரில் இதைத் தீர்மானமாகவே வைக்கிறேன்: தொகுப்பை வெளியே எடுக்க வேண்டும், பொறுப்பாளருக்கு மதிப்பூதியத்தை மாநில அரசு தர வேண்டும், வருகைப் பதிவேடு ஊராட்சி கையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட நீங்களும் வருவீர்களா?

கணக்குப்பிள்ளை:
பதிவேட்டுக்கு மட்டும் போடுகிறேன். மதிப்பூதியம் பற்றிய வாசகத்தை அடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

செல்லூர் அம்மா:
நாங்கள் மாநகராட்சி, எங்களுக்குக் கிராம சபை கிடையாது. நூறு வார்டு இருக்கிறது, தடை வைத்திருக்கிற பள்ளி எது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். காலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

ஒரு பி.டி. வாத்தியார்:
அம்மா, தனிச் செய்தியில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பழைய தடை ஆறு இருக்கிறது, இரண்டுக்கு மேல்கட்டை இல்லை. கேட்டு வாங்கித் தருகிறேன்.