டெலஸ்கோபிக் ஏணி 150 கிலோ தாங்குமா? வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்க முடியுமா?

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அலுமினிய டெலஸ்கோபிக் ஏணி ஒண்ணு வாங்கியிருக்கேன். சுருக்கினா இடுப்பளவு, முழுசா இழுத்தா 3.8 மீட்டர். பக்கத்துல '150 கிலோ'ன்னு ஸ்டிக்கர் இருக்கு. என் எடை 92. டிரில் மெஷின், டூல் பை எல்லாம் சேர்த்தா நூறு கிலோ வந்துடும். கணக்குப்படி பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா பாதி ஏறினதும் நடுவுல வளையுது, ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சின்னதா ஒரு ஆட்டம். எங்க மச்சான், "ரெண்டு பெஞ்சுக்கு நடுவுல படுக்க வச்சு நாம ரெண்டு பேரும் நடுவுல உட்காருவோம். தாங்கிடுச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு ஏறு"ங்கறார். இந்த டெஸ்ட் சரிதானா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஏணிப்படி எழுதியது:

மச்சான் சொன்னதைச் செய்யாதீங்க. தாங்கினாலும் நஷ்டம், தாங்காட்டியும் நஷ்டம்.

நான் ஏணி, சாரம் சோதிக்கிற வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். ஏணியை 75 டிகிரியில சாய்ச்சு வைக்கும்போது உங்க எடையில பெரும்பகுதி குழாய் வழியாவே நேரா தரைக்கு இறங்கிடும். ஏணியை வளைக்கிறது கால் பங்குதான். நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 26 கிலோ. அதே ஏணியைப் படுக்கப் போட்டா முழு எடையும் வளைக்கத்தான் போகுது. ரெண்டு பேர் நடுவுல உட்கார்ந்தா நிஜமா ஏறும்போது வர்றதைவிட ஆறேழு மடங்கு. குழாய் உடையாம தப்பிச்சாலும், பின் நுழையிற துளை கண்ணுக்குத் தெரியாம ஒரு பக்கமா இழுத்துக்கலாம். அப்புறம் அந்த ஏணியை நீங்களே கெடுத்து வச்சுட்டு, 'சோதிச்சாச்சு'ன்னு தைரியமா ஏறுவீங்க.

இதே கணக்கால இன்னொரு விஷயம். 60 டிகிரிக்குச் சாய்ச்சா வளைக்கிற பங்கு பாதியாயிடும், அதாவது 75-ல இருந்ததுக்கு ரெண்டு மடங்கு. பாதி ஏறினதும் வளையுதுன்னீங்களே, முதல்ல அடிப்பாகம் சுவர்லேர்ந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு பாருங்க. நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி. அதுக்கு மேல தள்ளினா வளையத்தான் செய்யும்.

ஆனா எனக்கு வளைவு பெரிய கவலையே இல்லை. சாதாரண ஏணியில பக்கத்துக்கு ஒரே நீளச் சட்டம். இதுல குழாய்க்குள்ள குழாய். ஒவ்வொரு படியோட ரெண்டு முனையிலயும் ஸ்பிரிங் வச்ச ஒரு பின், மேல் குழாயோட துளைக்குள்ள போய் உட்காரணும். உங்க உயிர் அந்தப் பின்கள்லதான் இருக்கு. ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் பாதியில நின்னா, பார்வைக்கு ஏணி நிமிர்ந்துதான் நிக்கும். ஏறி ஒரு பக்கமா எட்டும்போதுதான் தெரியும். அதனால வீட்டுல சோதிக்கவேண்டியது லாக்கை. எப்படின்னா:

ஏணியைத் தரையில நிமிர்த்தி, ஒரு நேரத்துல ஒரு ஜாயிண்ட் மட்டும் இழுங்க. 'டக்' சத்தம் ரெண்டு பக்கமும் வரணும். சத்தத்தை மட்டும் நம்பாதீங்க, குனிஞ்சு ரெண்டு பட்டனையும் பாருங்க. ரெண்டும் ஒரே அளவு வெளியே வந்திருக்கணும். நகக்கண் அளவு வித்தியாசம் இருந்தாலும் அந்தப் பின் முழுசா போகலை. இப்போ அந்த ஜாயிண்டுக்கு மேல இருக்கிற படியில ஒரு கயித்தை ரெண்டு ஓரத்துலயும் கட்டி, தரைக்கு நாலு விரல் மேல தொங்குற மாதிரி ஒரு வளையம் விடுங்க. சுவர்ல சாய்ச்சு, கீழே ஒருத்தர் மிதிச்சுப் பிடிக்க, நீங்க அந்த வளையத்துல காலை வச்சு மெதுவா முழு எடையையும் இறக்குங்க. லாக் விட்டுடுச்சுன்னா நாலு விரல்தான் இறங்குவீங்க, கைவிரலும் படிகளுக்கு நடுவுல மாட்டாது. இப்படியே ஒவ்வொரு ஜாயிண்டா. குதிக்க வேண்டாம். இதுல ஏணி பலமா இல்லையான்னு தெரியாது, பூட்டு பூட்டுதா இல்லையான்னு தெரியும். பலத்தைச் சொல்ல லேப்தான்.

தூரிகை எழுதியது:

பெயிண்டிங் வேலை பாக்குறேன். அண்ணன் சொன்னது சரி. ஆட்டம் இந்த மாதிரி ஏணியில எப்பவும் இருக்கும், அதுக்குப் பழகிக்கணும். என் அனுபவத்துல விபத்துக்குக் காரணம் அடி வழுக்குறது. ரப்பர் புஷ்ஷைக் கழட்டிப் பாருங்க, உள்ளே தேய்ஞ்சு குழாய் எட்டிப் பாக்குதான்னு. அப்புறம், அலுமினியம். மின்கம்பி பக்கம் மூச்சு விடாதீங்க.

அளவுகோல் எழுதியது:

ஸ்டிக்கர்ல 150 கிலோ தவிர வேற என்ன எழுதியிருக்கு? ஏணிக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 131. அதுல டெலஸ்கோபிக் ஏணிக்குத் தனியா ஆறாம் பகுதி, 2015-ல வந்து 2019-ல திருத்தப்பட்டது. 150 கிலோங்கறது ஆள், உடை, கருவி எல்லாம் சேர்த்த மொத்தம். தொழில் உபயோகம், வீட்டு உபயோகம்னு ரெண்டு வகை உண்டு. ரெண்டுலயும் எழுதியிருக்கிறது 150தான், ஆனா முதலாவதுக்குச் சோதனை இன்னும் கடுமை. 3 மீட்டருக்கு மேல போற சாய்வு ஏணிக்கு அடியில அகலமான குறுக்குக் கட்டையும் வேணும்.

ஒரு வேடிக்கை: 'சிஈ'ங்கற ஐரோப்பிய முத்திரை இருந்தா நல்ல பொருள்னு நினைப்போம். ஏணிக்கு அந்த முத்திரையே கிடையாது, அதைக் குத்தச் சொல்ற விதி ஐரோப்பாவுல இல்லை. ஏணியில அது ஒட்டியிருந்தா எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குறுக்குக் கட்டை இருக்கு. ஆனா ஈஎன் நம்பர் எங்கயும் இல்லை, 'சிஈ' மட்டும் பளபளன்னு இருக்கு! லாக்கைப் பாத்தேன். நாலாவது படியில இடது பட்டன் பாதியிலயே நிக்குது, தட்டினா வெளியே வருது. கயித்து டெஸ்ட் இன்னும் பண்ணலை. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாக்கட்டுமா?

ஏணிப்படி எழுதியது:

எண்ணெய் வேண்டாம் தம்பி. இன்னைக்கு வழுவழுன்னு போகும், அப்புறம் அதுலயே தூசி ஒட்டிப் பசையாகி மறுபடி நிக்கும். முழுசா இழுத்து வச்சு, ஈரத்துணியால குழாயைத் துடைச்சு, காயவிட்டு, பத்துப் பதினஞ்சு தடவை திறந்து மூடிப் பாருங்க. மூடும்போது கை பக்கவாட்டுக் குழாய்ல இருக்கட்டும், படிக்கு அடியில விரலே போகக்கூடாது. புதுசுங்கறதால மண் இருக்க வாய்ப்பு குறைவு, பின்னோ துளையோ அளவு தப்பின கேஸாத்தான் தெரியுது. ராவி விட்டு சரிபண்ணப் பாக்காதீங்க. தட்டினாத்தான் பூட்டும்னா கயித்து டெஸ்ட்டுக்குக்கூட அவசியமில்லை, திருப்பி அனுப்பிடுங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பட்டனும் ஒரே படத்துல தெரியிற மாதிரி ஃபோட்டோ எடுத்துக்குங்க. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிடுவாங்க.