லேப்டாப் திறக்காத நாளில் கைகொடுக்க, பென் டிரைவில் ஓர் இயங்குதளம்: எப்படித் தயார் செய்வது?

வீட்டு டிடிபி:
வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். பள்ளி வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ் என எல்லாமே நாள் குறித்து வருகிற வேலைகள். இருப்பது ஒரே லேப்டாப், விண்டோஸ் 11. சென்ற வாரம் அது திடீரென நின்றது, அதன்பின் விண்டோஸுக்குள் போகவே இல்லை. வினாத்தாள் உள்ளே சிக்கிக் கிடக்க, தலைமையாசிரியருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தவித்தேன். இப்போது சரியாகிவிட்டது. மறுபடி இப்படி நேர்ந்தால் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து (அதாவது கணினியைத் தொடங்கி), கோப்புகளை எடுக்கவும் தமிழில் தட்டச்சு செய்து பிடிஎஃப் அனுப்பவும் வழி உண்டா? 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருக்கிறது.

கல்லூரி மாணவன்:
வென்டாய் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதைப் பென் டிரைவில் நிறுவியபின் ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) சாதாரணக் கோப்பு போல நகலெடுத்துப் போட்டாலே பூட் ஆகும். லினக்ஸ் மின்ட் இயங்குதளம், வட்டைப் படியெடுக்கும் கிளோன்சில்லா எல்லாவற்றையும் ஒரே டிரைவில் வைக்கலாம்.

பழுதுபார்ப்பவர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் வெறும் ஐஎஸ்ஓவாகப் போட்டால், நீங்கள் சேர்க்கும் எழுத்துருவும் விசைப்பலகை அமைப்பும் அணைத்தவுடன் மறைந்துவிடும். உங்களுக்குத் தேவை மாற்றங்களைச் சேமித்து வைக்கும் வசதி. விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருளைத் திறந்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்தால், இதற்கென இடம் ஒதுக்கும் நழுவுபட்டை ஒன்று தோன்றும். 8 ஜிபி கொடுங்கள். டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதில் முழு அப்டேட் போடாதீர்கள். அடிப்படை அமைப்பு சுருக்கிய, மாற்ற முடியாத ஒரே கோப்பாக உள்ளே இருக்கிறது. அப்டேட் அதை மாற்றுவதில்லை. புதிய பதிப்பு மேலே அடுக்கப்பட்டு, ஒதுக்கிய இடத்தைத் தின்றுவிடும்.

இனி நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. பென் டிரைவ் அருமையாகப் பூட் ஆகியும் கோப்பை எடுக்க முடியாமல் கண்கலங்கி நிற்பவர்களைக் கடையில் பார்க்கிறேன். காரணம் பிட்லாக்கர், அதாவது வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கம். புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே குறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கியிருக்கலாம். லினக்ஸிலிருந்து திறக்கப் போனால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது. உங்கள் கணக்கின் இணையப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் அமைப்பில் கைவைத்தால், அடுத்த முறை விண்டோஸே அந்தக் குறியீட்டைக் கேட்கக்கூடும். உபுண்டு செக்யூர் பூட்டுடனே பூட் ஆகும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது அணைத்தாலும் முழுதாக அணைவதில்லை. வட்டு பாதி உறக்கத்தில் இருக்கும். லினக்ஸ் அதைப் பெரும்பாலும் படிக்க மட்டும் திறக்கும். நகலெடுக்க அது போதும், எழுதும்படி வற்புறுத்தாதீர்கள். வட்டே பழுதாகி, படிக்கும்போது தடுமாறினால் உடனே நிறுத்துங்கள். டிடிரெஸ்க்யூ என்ற கருவி மூலம் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்து, அந்தப் படியிலிருந்து மீட்பதே பாதுகாப்பு.

சென்னைக்காரர்:
வெளியே இணைக்கும் எஸ்எஸ்டி வட்டில் உபுண்டுவை முழுமையாக நிறுவிவிடலாமே? பென் டிரைவ் மெதுவாக இருக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

பழுதுபார்ப்பவர்:
அன்றாடம் பயன்படுத்துவதானால் அதுதான் நல்லது. ஒரு எச்சரிக்கை: எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து நிறுவினாலும், உபுண்டு நிறுவி பூட் லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரலை) லேப்டாப்பின் உள்வட்டில் எழுதிவிடும் சிக்கல் நெடுங்காலமாக உண்டு. அப்படி எழுதிவிட்டால் எஸ்எஸ்டியை வேறொரு கணினியில் செருகும்போது பூட் ஆகாது. முடிந்தால் உள்வட்டைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள். அவசரத் தேவைக்கு மட்டும் என்றால் பென் டிரைவே போதும்.

வீட்டு டிடிபி:
மிக்க நன்றி சார். குறியீடு கிடைத்தது, எழுதி வைத்துவிட்டேன். நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவள். பழைய வேலைகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன. அவை லினக்ஸில் திறக்குமா?

பழுதுபார்ப்பவர்:
ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99 வந்துவிடும். யூனிகோட் தமிழுக்குத் தனியாக எழுத்துரு தேட வேண்டியதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் வேண்டுமானால் உங்கள் விண்டோஸில் உள்ள டிடிஎஃப் கோப்புகளை நகலெடுத்து நிறுவுங்கள். பேஜ்மேக்கர் லினக்ஸுக்கு இல்லை. லிப்ரே ஆபிஸ் டிரா என்ற வரைதல் மென்பொருள் அந்தக் கோப்புகளை ஓரளவு திறக்கும், ஆனால் வரிகளும் படங்களும் இடம் மாறிவிடும், அச்சுக்கு ஆகாது. ஆகவே ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு பிடிஎஃப் எடுத்து, லேப்டாப்புக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள். இந்தப் பென் டிரைவிலேயே வைக்க வேண்டாம். அது லேப்டாப்பைத் திறப்பதற்கான கருவி மட்டுமே.

வேலை நெருக்கடி இல்லாத ஒரு நாளில் இதிலிருந்தே பூட் செய்து ஒரு பத்திரிகையைத் தட்டச்சு செய்து அனுப்பிப் பாருங்கள். பூட் மெனுவுக்கு எஃப்12, எஃப்9, எஸ்கேப் என நிறுவனத்துக்கு ஒரு விசை. உங்களுடையது எது என்பதும், வைஃபை கிடைக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (செல்போனின் இணையத்தைப் பகிரும் வசதி) போடுங்கள், பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும்.