ரெண்டு லட்சம் கட்டி பவளப்பாறை வாலண்டியரா போகலாமா, இல்ல நம்ம கரையிலயே ஏதாவது இருக்கா?

மன்னை_மீனு
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம், பிஎஸ்சி விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறேன். தாய்லாந்துல ஒரு தீவுல பவளப்பாறை பாதுகாப்புக்கு வாலண்டியர் எடுக்குறாங்க, நாலு வாரம், ஆனா காசு நாமதான் கட்டணும். தங்க, சாப்பிட, டைவிங் கத்துக்க எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்துக்கு மேல வருது, டிக்கெட் தனி. தை பொறந்து சம்பா அறுத்ததும் தர்றேன்னு அப்பா சொல்லிட்டாரு, அவரு சொன்னதுலேர்ந்துதான் எனக்கு தூக்கம் போச்சு. அவ்ளோ காசுக்கு வொர்த்தா? நீச்சல்னா பாமணியாத்துல தண்ணி வர்றப்ப அடிச்ச நீச்சல்தான். அடுத்து எம்எஸ்சி மரைன் பயாலஜி சேரலாம்னு இருக்கேன், அதுக்கு இது உதவுமா?

துடுப்பு
இதே மாதிரி ஒண்ணுக்கு போயிட்டு வந்தவன் நான், அதனால சொல்றேன். முதல் பாதி முழுக்க டைவிங் ட்ரெய்னிங்லயே போயிடும். அடிப்படை கோர்ஸுக்கே 200 மீட்டர் நிக்காம நீந்தணும், 10 நிமிஷம் எதையும் புடிக்காம மிதக்கணும், ஆத்துல நீந்தினவங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல. அது முடிச்சா 18 மீட்டர் ஆழம் வரைக்கும் போகலாம். அப்புறம் மீன் அடையாளம் காட்டுற பரீட்சை வைப்பாங்க, கிளிமீன், களவா, வண்ணத்துப்பூச்சி மீன்னு, அதுல பாஸ் ஆனாத்தான் நீ எண்ணுற எண்ணிக்கையை எடுத்துப்பாங்க. சர்வேன்னா என்னன்னா, பாறை மேல 100 மீட்டர் டேப்பை விரிச்சு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் டேப்புக்கு நேர் கீழ உயிரோட இருக்கற பவளமா, செத்ததா, மணலான்னு பிளாஸ்டிக் பலகையில பென்சிலால எழுதிக்கிட்டே போகணும். இதை உடம்பு ஆடாம அந்தரத்துல மிதந்துகிட்டே செய்யணும், கால்ல மாட்டுற துடுப்பு ஒரு தடவை பட்டா பல வருஷம் வளந்த பவளம் ஒடிஞ்சிடும். கரைக்கு வந்தா எக்செல்ல ஏத்துறது, சிலிண்டர் தூக்குறது, பாத்திரம் கழுவுறது. பவளத் துண்டை நட்டு வளக்குற பவள நர்சரின்னு போட்டோ பாத்திருப்ப, அங்க நான் அதிகமா செஞ்ச வேலை டூத்பிரஷ் வெச்சு பாசி தேய்ச்சதுதான்.

டைவிங் கத்துக்கணும்னா போ, காசு வீணில்ல. பவளத்தை காப்பாத்த போறேன்னு நெனச்சு போகாத. 2023லேர்ந்து உலகம் பூரா நாலாவது தடவையா பவளம் நிறம் போயி வெளுத்துச்சே, அது கடல் சூடு ஏறினதால, நாம பிரஷ் போட்டு தேய்ச்சா அது நிக்காது. கட்டுறதுக்கு முன்னாடி மெயில் போட்டு கேளு: எத்தன வருஷமா அதே இடத்துல சர்வே பண்றீங்க, டேட்டா யாருக்கு போகுது, உள்ளூர் ஆளு எத்தன பேரு சம்பளத்துல இருக்காங்கன்னு. மழுப்புனாங்கன்னா விட்டுடு.

வேதாரண்யத்தான்
தங்கச்சி, தாய்லாந்து எங்கயும் ஓடிப்போயிடாது. தை முடியறதுக்குள்ள எங்க ஊரு பக்கம் வா. பங்குனி ஆமை முட்டை போட கரையேறும், தைலேர்ந்து பங்குனி வரைக்கும் சீசன். ராத்திரி வனத்துறை ஆளுங்களும் குப்பத்து பசங்களும் கரையோரமா நடப்பாங்க. டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சமும் கூடாது, வேணும்னா சிவப்பு லைட்டு. ஆமை ஏறுன தடம் மணல்ல டிராக்டர் டயர் ஓடுன மாதிரி இருக்கும், அத புடிச்சுகிட்டே போனா குழி எங்கன்னு தெரியும். கையாலதான் தோண்டணும். நூறு முட்டை, சில சமயம் அதுக்கும் மேல. அதே குழி மணலோட பக்கெட்ல வெச்சு ஹேச்சரிக்கு, அதான் முட்டை பொரிக்க வெக்கிற இடத்துக்கு, கொண்டுபோயி அதே ஆழத்துல புதைக்கணும், விடியறதுக்குள்ள. ஏன் அவசரம்னா, போட்டு சில மணி நேரத்துல உள்ள கரு மேல்பக்கம் ஓட்டுல ஒட்டிக்கும், அதுக்கப்புறம் புரட்டினா செத்துடும். விட்டுட்டா நாயும் நரியும் தோண்டித் தின்னுடும்.

45லேர்ந்து 60 நாள்ல குஞ்சு வரும். மண்ணு சூடு ஜாஸ்தியா இருந்தா பொட்டையா பொறக்கும், கம்மின்னா ஆணு, அதுக்குத்தான் மேல பந்தல் போட்டு நெழல் குடுக்குறது. இன்னொண்ணு, செத்த ஆமையும் ஒதுங்கும், நாத்தம் தாங்காது. வலையில மாட்டி மூச்சு வாங்க மேல வரமுடியாம செத்தது. அதையும் அளந்து எழுதணும், அதுவும் வாலண்டியர் வேலைதான்.

முக்கியமா, இது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை ஒண்ணுல இருக்கற உயிரு. நீயா போயி முட்டையைத் தொட்டா கேஸு. வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டுத்தான் வரணும்.

மல்லிப்பட்டினம்_அக்கா
எல்லாரும் ஆமைக்கே ஓடுறீங்க. எங்க பக்கம் ஆவுளியா இருக்கு, அதான் கடல் பசு. 2022ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை அதுக்குன்னே காப்பகமா அறிவிச்சாங்க, தஞ்சாவூர் புதுக்கோட்டை ரெண்டு மாவட்டக் கரையோரமும் சேந்தது. அது திங்கறது கடல்புல்லு, அந்த புல்லுதான் இங்க வேலையே. சதுரமா ஒரு சட்டத்தை தரையில வெச்சு உள்ள எத்தன பங்கு புல்லு மூடியிருக்குன்னு பாத்து எழுதணும். புல்லு அழிஞ்ச இடத்துல மூங்கில் சட்டத்துல கயித்தைக் கட்டி நடுறதும் நடக்குது. டைவிங் பெருசா தேவைப்படாது, ஆழம் கம்மி, ஆனா தண்ணி கலங்கல், போட்டோ நல்லா வராதுன்னே பாதி பேரு ரெண்டாவது நாளே கெளம்பிடுவாங்க 😄 ஆவுளியாவ நீ கண்ணால பாக்க மாட்ட, சொல்லிட்டேன். பாக்குறது எங்க வீட்டு ஆம்பளைங்கதான். வலையில மாட்டுனா வலையை அறுத்து விடுறவங்களுக்கு வனத்துறை சன்மானம் குடுக்குது. அவங்ககிட்ட உக்காந்து பேசு, எந்த காத்துக்கு எங்க மேயும்னு எல்லாம் சொல்லுவாங்க.

வெள்ளாத்தங்கரை
எம்எஸ்சின்னு கேட்டீங்கல்ல, பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு, கொள்ளிடம் தாண்டினா பக்கம்தான். ஒருநாள் நேர்ல போயி பாத்துட்டு வாங்க. இன்டர்வியூல சர்டிஃபிகேட்டை புரட்டிக்கூட பாக்க மாட்டாங்க, நீ என்ன அளந்த எப்படி அளந்தன்னுதான் கேப்பாங்க. ஒரு சீசன் நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருந்தா பேச விஷயம் இருக்கும். பவளம்தான் வேணும்னா மன்னார் வளைகுடாவுலயே 21 தீவு இருக்கு, தேசியப் பூங்கா, அனுமதி வாங்குறது மட்டும் இழுக்கும்.

மன்னை_மீனு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாகிட்ட தாய்லாந்து இப்ப வேணாம்னு சொல்லிட்டேன், மூஞ்சியில அவ்ளோ நிம்மதி, மறைக்கக்கூட தெரியல அவருக்கு. வேதாரண்யம் அண்ணா, ஒரு பிரச்சன, ராத்திரி கரையில நடக்க அம்மா விடவே மாட்டாங்க.

வேதாரண்யத்தான்
ராத்திரி நடைக்கு வராட்டி பரவால்ல. ஹேச்சரியில பகல் வேலை நெறைய கெடக்கு, மண்ணு சூடு பாக்கணும், குழி வாரியா நோட்டு எழுதணும், பொரிச்சு முடிஞ்ச குழியைத் தோண்டி முட்டை ஓடு எத்தனன்னு எண்ணணும். குஞ்சு விடுறது சாயங்காலத்துல, அம்மாவையும் கூட்டிட்டு வா. காலேஜ்ல துறைத்தலைவர் கையெழுத்தோட லெட்டர், ஆதார் நகல் ரெண்டும் கையில வெச்சுக்க, கேட்டா குடுக்கலாம். பொங்கல் லீவுல வராத, ஆபீஸ்ல ஆளு இருக்காது.