மத்திய மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கு ஓர் அறநிலையம்: எங்கிருந்து தொடங்குவது?

மவுசாகலைப் பெண் கேட்கிறார்:

வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். இப்போது கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் டோஹாவிலும் டொரொன்டோவிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். மலையக மக்களின் சுகாதாரத்துக்காக ஓர் அறநிலையம் தொடங்கினால் மாதாமாதம் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். பெயர் வைத்தாயிற்று, இலச்சினையும் வரைந்தாயிற்று. வேலைதான் ஒன்றும் ஆகவில்லை.

அவர்களுடைய எண்ணம் பெரியது. மாகாணம் முழுவதும் சுற்றிவர ஒரு நடமாடும் மருத்துவ வண்டி, வெளிநாட்டிலிருந்து மருந்து, மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து விசேட வைத்தியர்கள். எனக்கு இதில் அரை மனதுதான். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அவருக்குப் பிரஷர் இருப்பதே தலை சுற்றி மலையில் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்படியொரு வண்டி அன்று வந்திருந்தாலும், வேலையை விட்டுவிட்டு அம்மா வரிசையில் போய் நின்றிருப்பாரா என்று யோசிக்கிறேன்.

இதைச் சங்கமாகப் பதிவதா, கம்பனியாகவா, நம்பிக்கைப் பொறுப்பாகவா? மருந்து கொண்டுவர முடியுமா? முதல் வருடத்தில் எதில் கை வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் அவர்களிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பாக இருக்கும்.

ஹட்டன் கணக்காளர்:

பதிவு விஷயத்தை நான் சொல்கிறேன். இப்படிப்பட்ட சில அமைப்புகளுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, கிராம முன்னேற்றத்துக்கு வேலை செய்யும் சர்வோதய அமைப்பைப் போல நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்க முடியாதா என்பது. முடியும். சர்வோதயத்துக்கு 1972 இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அதற்கு முன்பே ஊர் ஊராக வேலை செய்து பெயர் எடுத்திருந்தார்கள். நீங்கள் அந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனி என்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரும். பங்கு கிடையாது, இலாபத்தைப் பிரிக்கவும் முடியாது. வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் கம்பனிச் செயலாளர், கணக்காய்வு, ஆண்டு விவரத்திரட்டு என்று ஒவ்வொரு வருடமும் செலவு வைக்கும். நம்பிக்கைப் பொறுப்பு என்றால் 1917 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்; நொத்தாரிசிடம் உறுதி எழுதினால் போதும். பொறுப்பாளர்களுக்குள் பிணக்கு வந்தால் நீதிமன்றப் படி ஏறவேண்டி வரும், அதையும் மனதில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் நுவரெலியாக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மாவட்ட மட்ட அமைப்பாகப் பதிவதுதான் இப்போதைக்குப் பொருத்தம். யாப்பு, நிர்வாகக் குழுவின் விவரம், வேலைத்திட்டம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். மாகாணம் முழுவதும் என்று எழுதினால் மூன்று மாவட்டங்கள் வந்துவிடும், கதை கொழும்பிலுள்ள அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் வரை நீளும். வேலை கண்டியையும் மாத்தளையையும் எட்டும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வரியை மறக்கவேண்டாம். உள்நாட்டு இறைவரிச் சட்டம் உங்களை அரச சார்பற்ற நிறுவனமாகக் கொண்டால், பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை வருமானமாக எடுத்து அதற்கு வரி போடும். நன்கொடைக்கு வரியா என்று டொரொன்டோவிலிருந்து கோபமாகத் தொலைபேசி வரும். இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இலச்சினையில் ஸ்டெதஸ்கோப் படம் இருந்தால் எடுத்துவிடுங்கள். இரவில் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் அலுவலகக் கதவைத் தட்டுவார்கள்.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ.:

தங்கச்சி, நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக லிந்துலை, பொகவந்தலாவைப் பக்கங்களில் வேலை பார்த்தவன். கணக்காளர் தம்பி சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் மலையைச் சொல்கிறேன்.

பதிவுப் பத்திரம் கையில் இருந்தாலும் தோட்டத்துக்குள் நீங்கள் வெளியாள்தான். நிலம் அரசினுடையது, 1992 இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. துரை, அதாவது தோட்ட முகாமையாளர், எழுத்து மூலம் அனுமதி தராமல் ஒரு பந்தல்கூடப் போட முடியாது. சுகாதாரமோ 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு மாகாண சபைக்குப் போனது. ஆகவே துரையைப் பார்ப்பதற்கு முன் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரையும், அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியையும் பாருங்கள். அவர்கள் கடிதம் கொடுத்தால் துரையும் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். தோட்டத் தலைவர்மாரையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கட்சித் தொழிற்சங்கமாக இருந்தாலும் எல்லோரையும் ஒரே நாளில், ஒரே மேசையில் சந்தியுங்கள். ஒருவரை முதலில் பார்த்தீர்கள் என்றால் மற்றவர்களுக்கு நீங்கள் அவருடைய ஆள்.

வண்டி வேண்டாம். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாத்திரை ஆயுள் முழுக்கப் போடவேண்டும். வண்டி போன மறுநாள் யார் கொடுப்பது? அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அதே மாத்திரை இலவசம். உங்களைப் போன்றவர்கள் செய்யவேண்டியது ஆளை அந்தக் கிளினிக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அவர் அடுத்த மாதமும் போகிறாரா என்று பார்ப்பதும். தனியாகச் சிகிச்சை நிலையம் நடத்தப் புறப்பட்டால் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதியவேண்டி வரும். மருந்து இறக்குவதென்றால் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அந்த அலைச்சலில் பாதியை ஒரு தோட்டத்துக்குச் செலவழித்தால் ஊர் உங்களை வாழ்த்தும்.

ஆட்கள் கிளினிக்குக்கு ஏன் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கிளினிக் வார நாளில் இருக்கும். போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். மத்தியானத்துக்குள் திரும்பி வந்தாலும் அரைப் பேர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பேரைப் பார்க்கமாட்டார்கள், தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தனக்கு நோவே தெரியாத பிரஷருக்கு யார் ஒரு நாள் சம்பளத்தை விடுவார்? ஆகவே நீங்கள் மலைக்குப் போங்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம்தான் உங்கள் முதல் கிளினிக்.

அங்கேயும் ஒரு விஷயம். நாங்கள் முதலில் மடுவத்தில் பிரஷர் பார்த்தபோது எல்லோருக்கும் அளவு கூடுதலாகவே காட்டியது. இருபது கிலோ கொழுந்தை இறக்கி வைத்த கையோடு பார்த்தால் வேறு எப்படிக் காட்டும்? ஐந்து நிமிடமாவது சும்மா உட்காரவேண்டும். உட்கார இடம் இல்லை. தரை ஈரம், இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மேலே ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர், அதற்குள் ஆண்பிள்ளைச் சட்டை. பட்டியைச் சட்டைக்கு மேலே சுற்றினால் அளவு பிழைக்கும். அத்தனை ஆண்கள் நிற்கிற இடத்தில் ஸ்வெட்டரைக் கழற்று என்றால் எந்தப் பெண் கழற்றுவாள்? வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வேறு தராசடியில் நின்று அவசரப்படுத்துகிறார். பழைய படங்கு இரண்டை எடுத்து மூலையில் மறைப்புக் கட்டி, உள்ளே ஒரு வாங்கு போட்டோம். அதற்குப் பிறகுதான் நம்பக்கூடிய அளவு கிடைத்தது. உங்கள் அறநிலையம் முதலில் வாங்கவேண்டியது ஒரு மடக்கு மறைப்பும் இரண்டு வாங்கும்தான்.

அந்த மறைப்புக்குள்ளேயே வாயையும் பாருங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை இல்லாமல் மலையில் குளிர் தாங்காது என்பார்கள். புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்று சொல்பவரையும் விடாதீர்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது. மூன்று விரலை அடுக்கி வைத்து நுழையும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றாலோ, கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம் இருந்தாலோ, பல் வைத்தியருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். கடிதத்தோடு கூடப் போக ஓர் ஆளையும் அனுப்புங்கள்.

தண்ணீர் பற்றியும் சொல்லியாகவேண்டும். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மேலே போய்ப் பார்த்தால் ஊற்றுக்கு மேற்புறத்தில் இன்னொரு லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், மலசலகூடக் குழி. தொட்டியைக் கழுவிக் குளோரின் போடுவது யார் பொறுப்பு என்று கேட்டால் தோட்டம் பிரதேச சபையைக் காட்டும், சபை தோட்டத்தைக் காட்டும். முன்பெல்லாம் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைச் சொல்லித் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாது என்று கைவிரிப்பார்கள். 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இன்றும் பழைய கதையைச் சொல்பவர் இருந்தால் திருத்தத்தின் பிரதியை மேசையில் வையுங்கள். இந்த வேலைக்குப் பணம் தேவையில்லை, விடாப்பிடி வேண்டும்.

ஹப்புத்தளைத் தம்பி:

ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மடுவத்தில் பார்ப்பது நல்லதுதான். ஆனால் 35 வயதுப் பெண்களுக்கான பாப் பரிசோதனையை, அதாவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையை, மடுவத்தில் செய்ய முடியுமா? அதற்குக் கிளினிக் போகத்தான் வேண்டும். வெளிநாட்டுப் பணம் வருகிறது என்றால் அந்த ஒரு நாள் பேரை அறநிலையமே கொடுத்தால் என்ன? என் சித்தி கடைசி வரை போகவில்லை. போனபோது காலம் கடந்துவிட்டது. ஒரு நாள் சம்பளம்தானே?

மொழியையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்ப நல உத்தியோகத்தர் (அரச மருத்துவமாது) தங்கமானவர், ஆனால் அவருக்குத் தமிழ் வராது. கர்ப்பிணிகள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வருகிறார்கள். உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கிற பெண்பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் சிங்களம் பேசத் தெரிந்த ஒருத்திக்கு மாதச் சம்பளம் கொடுத்து அந்த அம்மாவோடு கூட நடக்க வைக்கலாமே?

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ.:

தம்பி, உங்கள் சித்தியின் விஷயம் வருத்தம் தருகிறது. ஆனாலும் காசு கொடுத்துக் கூப்பிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். இந்த வருடம் கொடுப்பீர்கள். அடுத்த வருடம் டோஹாவில் ஒருவருக்கு வேலை போனால் நிறுத்துவீர்கள். அதோடு கிளினிக்குப் போவதும் நின்றுவிடும், காசு தராமல் எங்களைக் கூப்பிடுகிறார்கள் என்ற பேச்சும் மிஞ்சும். கிளினிக் துண்டைக் காட்டினால் முழுப் பேர் போடவேண்டும் என்று துரையிடம் எழுதி வாங்குவதுதான் வழி. கொழுந்து குறைந்த மாதங்களில் கேட்டால் துரைமாரும் இணங்குவார்கள், கொழுந்து பொங்கும் காலத்தில் போய்க் கேட்டுவிடாதீர்கள்.

சம்பளம் கொடுத்துப் பெண்பிள்ளையை வைக்கும் யோசனை நல்ல யோசனை. எனக்குத் தோன்றாமல் போனதே.

மவுசாகலைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, இன்னொன்று. டொரொன்டோ நண்பர் ஒருவர் பிள்ளைகளின் போசாக்குக்கு மட்டும்தான் பணம் தருவேன் என்கிறார். 2016 கணக்கெடுப்பில் தோட்டப் பிள்ளைகளில் 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாடு முழுவதையும் எடுத்தால் 17 சதவீதம்தான் என்று அவர் படித்திருக்கிறார். பால்மா அனுப்பட்டுமா என்று கேட்கிறார். குளவி கொட்டுக்கும் ஏதாவது செய்ய முடியுமா?

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ.:

பால்மா வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரசு கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவே ஒரு பிள்ளைக்கென்று கொடுப்பது வீட்டில் நாலு பேருக்குப் பங்காகிவிடுகிறது. பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், பகல் சாப்பாட்டோடு ஒரு முட்டை கொடுங்கள். முட்டையை அங்கேயே உரித்துக் கையில் கொடுத்தால் பங்கு போட முடியாது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கணக்கு எழுதச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை குடும்ப நல உத்தியோகத்தர் நிறை பார்க்கும்போது அந்தக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நண்பருக்கு அனுப்ப அறிக்கையும் அதிலேயே கிடைத்துவிடும்.

குளவிக்கு ஊசி மருந்து வாங்கி வைப்பது உங்கள் வேலை அல்ல, அதைத் தோட்ட வைத்தியசாலையில் இருக்கிறதா என்று சுகாதார வைத்திய அதிகாரி பார்க்கவேண்டும். நீங்கள் கேள்வி கேட்கலாம். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் பல இடங்களில் பெரிய ரோட்டோடு நின்றுவிடும், மலையிலிருந்து அதுவரை ஆளைக் கம்பளியில் போட்டுத்தான் தூக்கி வருகிறார்கள். ஒவ்வொரு மடுவத்திலும் ஒரு ஸ்ட்ரெச்சர், தூக்குவதற்குப் பழகிய ஆறு பேர், லயத்துக்குப் பக்கத்திலுள்ள ஆட்டோக்காரர்களின் தொலைபேசி இலக்கங்களைச் சுவரில் பெயின்ற்றால் பெரிதாக எழுதிய பலகை. காகிதத்தில் எழுதி ஒட்டாதீர்கள், ஒரு மழைக்குத் தாங்காது.