மிஞ்சிய ஆட்டுக்கறி, பிரியாணியை ஓவன் பலகாரமாக மாற்றுவது எப்படி?

செங்காங் சமையல்
எல்லாருக்கும் வணக்கம். நேற்று தீபாவளி. இன்று விடுமுறை என்பதால் மாலை 6 மணிக்கு அலுவலக நண்பர்கள் 15 பேர் வருகிறார்கள். இலை போட்டுச் சாப்பாடு இல்லை, கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி பலகாரம்தான். வீட்டில் மிஞ்சியிருப்பது: எலும்போடு ஆட்டுக்கறிப் பெரட்டல் சுமார் 700 கிராம் (கொஞ்சம் குழம்பாகவே இருக்கிறது), கோழி பிரியாணி 4 கப், உருளைக்கிழங்கு மசாலா 2 கப். ஓவன் 30 லிட்டர், மேசை மேல் வைப்பது. பொரிக்காமல் ஓவனிலேயே முடிக்க வேண்டும். பஃப் பேஸ்ட்ரியில் கறி வைத்தால் அடிப்பாகம் நொதநொதவென்று ஆகிவிடுகிறது, அது ஏன்? வருபவர்களில் இரண்டு பேர் சைவம், நான்கு பேர் மலாய் நண்பர்கள்.

அடுப்படிக் கணக்கு
செய்முறைக்கு முன் ஒரு கேள்வி. பிரியாணி நேற்று எத்தனை மணி நேரம் மேசையில் இருந்தது? கறியும் மசாலாவும் எப்போது குளிர்பெட்டிக்குள் போயின?

செங்காங் சமையல்
கறியையும் மசாலாவையும் ஆறியதும் மதியமே உள்ளே வைத்தாயிற்று. பிரியாணி மட்டும் விருந்தாளிகள் வந்துபோய்க்கொண்டிருந்ததால் 12 மணியிலிருந்து 6 மணி வரை வெளியில்தான் இருந்தது. மணம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுப்படிக் கணக்கு
அப்படியென்றால் பிரியாணியைக் கொட்டிவிடுங்கள் அக்கா. மனசு கேட்காது, ஆனாலும் கொட்டத்தான் வேண்டும். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதைத்தான் சிங்கப்பூர் உணவு அமைப்பும் சொல்கிறது. சோற்றில் கூடுதல் ஆபத்து உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். சில வகை, வாந்தி வரவைக்கும் நஞ்சையும் சோற்றிலேயே விட்டுவிடும். அந்த நஞ்சு 121 டிகிரியிலும் அழியாது, 200 டிகிரி ஓவனில் சோற்றின் நடுப்பகுதி 100 டிகிரியைக்கூடத் தாண்டாது. மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. "நன்றாகச் சூடு பண்ணினால் போதும்" என்பது இந்த இடத்தில் செல்லாது.

கறியும் மசாலாவும் சரி. அதை வைத்தே 15 பேருக்குத் தாராளமாகச் செய்யலாம்.

பஃப் பேஸ்ட்ரி பிரியர்
அடிப்பாகம் நொதநொதப்பதற்கு மூன்று காரணம்: குழம்பின் ஈரம், மேலே மிதக்கும் எண்ணெய், ஆறாத பூரணம்.

முதலில் எலும்பை எடுத்துவிட்டுக் கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். 700 கிராமில் சதை மட்டும் 400 கிராம் போலத் தேறும். பட்டை, கிராம்பு, கறிவேப்பிலைக் காம்பு ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள், ஒரே கடியில் வாய்க்குள் போகிற பலகாரம் இது. குழம்பைத் தனியாக அகலமான சட்டியில் ஊற்றி, பிரிந்து நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்துவிட்டு வற்ற விடுங்கள். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். அதற்குப் பிறகு கறியையும், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்றையும் (150 கிராம்) சேர்த்து, ஆவி பறக்கும்வரை கிளறி இறக்குங்கள். குழம்பு சுண்டும்போது உப்பும் சுண்டி ஏறும், அதைக் கிழங்கு சரிபண்ணிவிடும். இன்னும் ஈரமாகத் தெரிந்தால் பொட்டுக்கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி.

தட்டில் பரப்பி ஆறவிட்டு, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். பூரணம் வெதுவெதுப்பாக இருந்தாலே மாவு அடுக்குகளுக்கு நடுவிலுள்ள கொழுப்பு உருகிவிடும், பிறகு எந்தச் சூட்டிலும் அடுக்கு எழும்பாது.

உறைந்த பஃப் பேஸ்ட்ரி, 10 செ.மீ. சதுரம், 24 துண்டு வேண்டும். ஃபிரீசரிலிருந்து நாலைந்தாக மட்டும் எடுங்கள். நம் வீட்டுச் சூட்டுக்கு 5 முதல் 8 நிமிடத்தில் வளைக்க வந்துவிடும். அதற்கு மேல் விட்டால் விரலில் ஒட்டும். ஒன்றுக்குப் பூரணம் 22 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. ஓரத்தில் தண்ணீர் தொட்டு முக்கோணமாக மடித்து, முள்கரண்டியால் அழுத்தி, மேலே ஒரு கீறல் போடுங்கள். கீறல் இல்லையென்றால் ஆவி ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும். முட்டை ஒன்றில் பால் ஒரு மேசைக்கரண்டி அடித்து மேலே மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

ஓவனை 200 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு பண்ணும்போது வெறும் தட்டையும் உள்ளேயே வைத்துவிடுங்கள். பேக்கிங் தாளோடு பஃப்பைச் சூடான தட்டின் மேல் இழுத்துவிட்டால் அடிப்பாகம் உடனே பிடிக்கும். நடுவுக்குக் கீழ்த்தட்டு, 22 முதல் 25 நிமிடம். சின்ன ஓவனில் மேல்கம்பி பக்கத்திலேயே இருப்பதால் 15 நிமிடத்தில் மேல்பக்கம் சிவந்துவிடும். அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுக்காதீர்கள், அலுமினியத் தாள் மூடி மீதி நேரத்தை விடுங்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும்.

முறுக்கு டின்
சைவக்காரர்களுக்குப் பொப்பியா தோல் (ஸ்பிரிங் ரோல் சுற்றுகிற மெல்லிய மாவுத் தாள்) எடுத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. அளவுத் தோலின் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, சின்ன மஃபின் குழிகளில் அமுக்கி, 180 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம். குவே பை டீ பலகாரத்தின் சின்னக் கிண்ணம் மாதிரி மொறுமொறுவென்று வரும், முட்டையும் வேண்டாம். ஓரம் மெல்லிசு, 6வது நிமிடத்திலிருந்து கண் எடுக்காமல் பாருங்கள். முழுசாக ஆறிய பிறகு முறுக்கு டின்னில் போட்டு இறுக மூடுங்கள், இங்குள்ள ஈரக்காற்றில் திறந்து வைத்தால் சீக்கிரமே தொய்ந்துவிடும். மசாலாவை ஆவி பறக்கச் சூடுபண்ணி, விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு குழிக்கு ஒரு சிறு கரண்டி வைத்துக் கொடுங்கள். மேலே எலுமிச்சை ஒரு சொட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம். வைத்த அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். 2 கப் மசாலாவுக்கு 30 கிண்ணம் வரும்.

கிண்ணத்தை முதலில் சுட்டுவிட்டு, பிறகு கறி பஃப்புக்கு ஓவனைக் கொடுங்கள். தட்டும் கரண்டியும் கலக்காது.

மலாய் நண்பர்களுக்காகப் பேஸ்ட்ரி பொட்டலத்தில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டுக்கறி ஹலால் கடையில் வாங்கியதுதானா என்பதையும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது, அவர்களாகக் கேட்கச் சங்கடப்படுவார்கள்.

செங்காங் சமையல்
பிரியாணியைக் கொட்டியாயிற்று. கறி தேக்கா ஹலால் கடையில் வாங்கியதுதான். பஃப்பை மதியமே சுட்டு வைக்கலாமா?

பஃப் பேஸ்ட்ரி பிரியர்
வேண்டாம். மதியம் மடித்து, சுடாமல் தட்டோடு ஃபிரீசரில் வையுங்கள். உறைந்ததை இளக விடாமல் அப்படியே 200 டிகிரியில் வைத்து, 5 நிமிடம் கூடுதலாக விடுங்கள். தட்டுக்கு 8 என்றால் மூன்று ஈடு, 4.15க்கு முதல் ஈடு போனால் கடைசி ஈடு 6 மணிக்குள் வந்துவிடும். வெந்ததைக் கம்பித் தட்டில் வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கவோ மூடவோ கூடாது. முதல் ஈட்டை 160 டிகிரியில் 5 நிமிடம் காட்டிப் பரிமாறலாம். பூரணம் ஏற்கெனவே மறுசூடு கண்டது, அதனால் இன்று மிஞ்சுவதை மறுபடி எடுத்து வைக்காதீர்கள். சுடாதவை ஃபிரீசரிலேயே இருக்கட்டும்.