புதுப்பிப்பு: காவடிப் படங்களின் நிறம்

மொரீஷியஸ் காத்ர் போர்ன் மலைக்கோவிலில் எடுத்த தைப்பூசப் படங்களில் இளஞ்சிவப்பு உடைகள் ஆரஞ்சாகத் தெரிகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மாற்றியதும் சரியாகிவிட்டது, பதில் சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி.

கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்புதான், பிறகும் மாற்றலாம். கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கிலோ (JPEG) நிறம் அப்போதே உறைந்துவிடும். அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. திருத்த இடம் கிடைப்பது அதனால்தான்.

கேட்டலாக் பற்றிக் கேட்டவர்களுக்கு: படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக்கில் அசல் படம் இருக்காது. படம் எங்கே இருக்கிறது, என்ன திருத்தினோம் என்ற கணக்கு மட்டுமே. அதை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்!

படங்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கீவேர்டுகளைத் தமிழிலேயே போட்டேன், தேடினால் வருகிறது. பாட்டி பெயரை மட்டும் பிரெஞ்சு எழுத்திலும் சேர்த்தேன். பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருக்கும் மாமாவும் தேடுவாரே.