கேமிங் பிசியில் என்விஎம்இ போடும்போது எங்கே இடிக்கும், ஏன் இடிக்கும்

முதலில் என்விஎம்இ டிரைவைத் (பிசிஐஇ இணைப்பில் ஓடும் வேகமான எஸ்எஸ்டி) தேடாதீர்கள், மதர்போர்டு மேனுவலில் எம்.2 (அதைச் செருகும் ஸ்லாட்) பக்கத்தைத் தேடுங்கள். "புது எஸ்எஸ்டி காட்டவே மாட்டேங்குது" என்று வரும் மெஷின்களில் டிரைவ் பழுதாக இருப்பது அபூர்வம். அடிக்கடி கண்ணில் படுவது இது: பி560 போர்டு, ஐ5 10400எஃப் ப்ராசசர், டிரைவ் மேல் ஸ்லாட்டில். அந்த ஸ்லாட்டுக்கு லேன் (தரவு ஓடும் பாதை) கொடுப்பது நேராக ப்ராசசர். 10-ஆம் தலைமுறை இன்டெல்லில் மொத்தமே 16 லேன்; அது கிராபிக்ஸ் கார்டுக்கே சரியாகிவிடும். எஸ்எஸ்டிக்கென்று தனியாக 4 லேன் வந்தது 11-ஆம் தலைமுறையில்தான். அதனால் பழைய ப்ராசசர் இருக்கும்வரை அந்த ஸ்லாட் செத்த ஸ்லாட். டிரைவைக் கழற்றி, சிப்செட் (மதர்போர்டிலுள்ள துணைச் சிப்) வழியாகப் போகும் கீழ் ஸ்லாட்டில் போடுங்கள், பிசிஐஇ 3.0 வேகத்தில் எழுந்துவிடும் (3.0, 4.0, 5.0 என எண் ஏற வேகமும் ஏறும்). வாரன்டிக்கு அலைய வேண்டியதில்லை.

ஏஎம்டி பக்கம் டிரைவ் காட்டும், வேகம்தான் பாதியாகும். ரைசன் 5 5600ஜி பிசிஐஇ 3.0 வரைதான் போகும். பி550 போர்டு என்றாலும் 7,000 எம்பி என்று அட்டையில் போட்ட டிரைவ் அதில் 3,500 பக்கம் நின்றுவிடும். ஜி இல்லாத 5600 போட்டால் அதே போர்டில் முழு வேகம். பி450-க்கும் அதிகாரப்பூர்வ எல்லை 3.0 தான். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் 4.0 டிரைவ் வாங்குங்கள், அடுத்த மெஷினுக்கு உதவும். வித்தியாசம் பெரிதென்றால் அந்தக் காசை 1 டிபியிலிருந்து 2 டிபிக்குப் போகச் செலவிடுவதே லாபம்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். பல போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் சாட்டா (ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும்) போர்ட் இரண்டும் ஒரே லேனைப் பங்குபோடுகின்றன, பெரும்பாலும் 5, 6 என்று எண் போட்டவை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று நினைத்துவிடாமல் கேபிளை 1 அல்லது 2-க்கு மாற்றிப் பாருங்கள்.

5.0 டிரைவ் ஆசை இருப்பவர்களுக்கு: இசட்790 போர்டுகளில் அந்த 5.0 ஸ்லாட்டை நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்16-லிருந்து எக்ஸ்8-க்கு, அதாவது 16 லேனிலிருந்து 8-க்கு, இறங்கும். விளையாட்டில் பெரிதாகத் தெரியாது, ஆனால் எதற்கு? பெரும்பாலான கேம்களில் லோடிங் நேரத்தைத் தீர்மானிப்பது சுருக்கி வைத்த ஃபைல்களை ப்ராசசர் விரிக்கும் வேகம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்இ-க்கு மாறினால் பல கேம்களில் சில நொடிதான். அதற்கும் மேலே 3.0-வா 5.0-வா என்பதை ஸ்டாப்வாட்ச் இல்லாமல் சொல்வது கஷ்டம். விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளும் டைரக்ட்ஸ்டோரேஜ் 1.1 வந்தது 2022 நவம்பரில். அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் கேம்கள் இன்னும் குறைவு.

*

டிரைவ் தேர்வில் ரீட் வேகத்தைவிட இரண்டு விஷயம் முக்கியம்: கியூஎல்சியா டிஎல்சியா (ஒரு செல்லில் 4 பிட்டா 3 பிட்டா), டிராம் (டிரைவின் சொந்த நினைவகம்) உண்டா இல்லையா.

கேம் ஓடும்போது வேலை பெரும்பாலும் ரீட்தான், அதனால் டிராம் இல்லாத டிரைவே போதும். கணினியின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கி அது சமாளித்துக்கொள்ளும். இடிப்பது எழுதும்போது. 150 ஜிபி கேமை இன்னொரு டிரைவிலிருந்து நகர்த்தினால் முதல் சில பத்து ஜிபி பறக்கும், பிறகு எஸ்எல்சி கேஷ் (எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிவைக்கும் பகுதி) தீர்ந்து கிராஃப் படாரென்று விழும். கியூஎல்சி டிரைவில் அது ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே வந்துவிடும். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்தக் கேஷும் சுருங்கும், ஆகவே 15-20 சதவீதம் காலியாக விடுங்கள். 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். அந்தக் கணக்கில் வையுங்கள்.

டிராம் இல்லாத டிரைவ் வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேரையும் (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) பாருங்கள். 2024 அக்டோபரில் விண்டோஸ் 11 24எச்2 வந்தபோது டபிள்யூடி எஸ்என்770 2 டிபி மாடல் 200 எம்பி ராம் கேட்டு வாங்கி நீலத்திரை அடித்தது. பிறகு வந்த ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது.

*

மாட்டும் வேலை பத்து நிமிஷம்தான், அதிலும் கெடுக்க வழி இருக்கு.

பவர் சப்ளையை ஆஃப் பண்ணி, கேபிளை உருவி, பவர் பட்டனை ஒருதடவை அழுத்திட்டு ஆரம்பிங்க. டிரைவ் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். அதனாலதான் 2280-ன்னு பேரு. அதுக்கான ஓட்டையில ஸ்டான்ட்ஆஃப், அதாவது அந்தச் சின்ன பித்தளைக் கால், இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லாம ஸ்க்ரூ முடுக்கினா பலகை வளையும். 60 மிமீ ஓட்டைக்கான கால் இடையில மறந்து கிடந்தா டிரைவோட அடிப்பக்கத்துல முட்டும்.

30 டிகிரி சாய்வா உள்ள தள்ளுங்க. தங்கக் கோடு கிட்டத்தட்ட முழுசா மறையணும், கையை எடுத்தா டிரைவ் தானா சாய்வா எழும்பி நிக்கணும். அப்புறம் அமுக்கி ஸ்க்ரூ, விரல் நுனி பலம் போதும்.

ஹீட்சிங்க் பேடு மேல இருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிச்சீங்களா? அதை ஒட்டினபடியே மாட்டிட்டு "ஹீட்சிங்க் போட்டும் கொதிக்குது"ன்னு வர்றவங்க இன்னிக்கும் இருக்காங்க. டிரைவோட ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீங்க. வாரன்டி போகும், நிறைய டிரைவ்ல அந்த ஸ்டிக்கரே சூட்டைப் பரப்பத்தான்.

*

பழைய டிரைவை அப்படியே புதியதில் நகலெடுக்கும் க்ளோன் செய்பவர்களுக்கு, வரிசை முக்கியம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஓடினால் முதலில் சஸ்பெண்ட் செய்து, ரிகவரி கீயை வேறு இடத்தில் சேமியுங்கள். பழைய விண்டோஸ் எம்பிஆர் (பழைய பார்டிஷன் முறை) டிஸ்க்கில் இருந்தால் க்ளோனுக்கு முன்பே எம்பிஆர்2ஜிபிடி கமாண்டால் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள், முதலில் வேலிடேட், பிறகு கன்வர்ட். மூன்று பார்டிஷனுக்கு மேல் இருந்தால் வேலிடேட்டிலேயே நின்றுவிடும். மாற்றியதும் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறைக்கான அமைப்பு) அணையுங்கள். க்ளோன் முடிந்தபின் முதல் பூட்டில் பழைய டிரைவின் கேபிள் பிடுங்கியே இருக்கட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் பூட் மட்டும் பழையதிலிருந்து நடந்து குழப்பும்.

256 ஜிபியிலிருந்து 1 டிபிக்குப் போனால் மிச்ச இடம் சி டிரைவோடு சேர மறுக்கும், "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கிக் கிடக்கும். நடுவில் ரிகவரி பார்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். க்ளோன் மென்பொருளிலேயே அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கேம்களுக்கு மட்டும் புது டிரைவ் என்றால் க்ளோனே வேண்டாம். ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் புது டிரைவைச் சேர்த்து, கேம்களை டிக் செய்து "மூவ்" கொடுங்கள். மறுபடி டவுன்லோட் ஆகாது.

*

மாட்டி முடித்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ட்ரான்ஸ்ஃபர் மோடைப் பாருங்கள். இடதுபுறம் இப்போது ஓடுவது, வலதுபுறம் டிரைவால் முடிந்தது. இடதில் எக்ஸ்4-க்குப் பதில் எக்ஸ்2 என்றிருந்தால் ஸ்லாட்டே அவ்வளவுதானா என்று மேனுவலில் பாருங்கள். இல்லையென்றால் கழற்றி மறுபடி செருகுங்கள். சூட்டை ஐடிலில் பார்த்துப் பயனில்லை, கனமான கேம் அரைமணி ஓடியபின் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் உள்ள ஸ்லாட்தான் மோசம். 80 டிகிரியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள், அல்லது முன்பக்கம் ஒரு ஃபேன் சேருங்கள்.

பழைய டிரைவைத் துடைக்கும்போது டிஸ்க்பார்ட்டில் (விண்டோஸின் கமாண்ட் கருவி) "லிஸ்ட் டிஸ்க்" கொடுத்து அளவைப் பார்த்தபின்தான் "க்ளீன்". டிஸ்க் 0 எப்போதும் பழையது என்று நம்பாதீர்கள், புது டிரைவ் வந்ததும் எண் மாறியிருக்கலாம்.